அம்மா லேப்டாப்பில் குடியிருந்தவர்கள்

புதுசா வாங்கின கம்ப்யூட்டர் எதுவும் காலியாக வருவதில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து முதல் தடவை ஆன் செய்யும்போதே உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் குடியிருப்பார்கள். முப்பது நாள் கெடு வைத்து மிரட்டுகிற ஆண்டிவைரஸ், நாம் கேட்காத விளையாட்டு, கம்பெனியின் சொந்த 'அசிஸ்டெண்ட்' என்று வரிசையாக இருக்கும். ஆங்கிலத்தில் ப்ளோட்வேர் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஏதோ வயிறு உப்புசம் மாதிரி. நான் 'கூடவந்த சரக்கு' என்றுதான் சொல்வேன். எங்க ஊர் செட்டிகுளம், சின்ன வெங்காயம் விளையும் ஊர். மூட்டையில் வெங்காயத்தோடு மண்ணும் சருகும் சேர்ந்தே எடை ஏறும். வாங்குகிறவன் அதைக் கழித்துத்தான் காசு கொடுப்பான். கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் நாம் கழிப்பதில்லை.

இதை எப்படி நீக்குவது என்பதற்கு யூடியூபில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. உள்ளே வைத்தது யார், ஏன் வைத்தார்கள், நாம் எதை நீக்கினோம், எதை விட்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆர்வமான கேள்வி. அதற்குத் தமிழ்நாட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே மாதிரியான லட்சக்கணக்கான லேப்டாப்பை, அதுவரை கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளுக்கு ஒரு அரசாங்கம் கொடுத்தது. அந்த லேப்டாப்புக்குள் என்ன இருந்தது என்பதே ஒரு தனி வரலாறு.

2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கொடுத்த வாக்குறுதி அது. ஆட்சிக்கு வந்தபின், அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அன்றுதான். ஐந்து ஆண்டில் 68 லட்சம் மாணவர்களுக்கு, 10,200 கோடி ரூபாய் செலவில் என்று திட்டமிட்டார்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம். வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட்டுக்கு. ஏசர், லெனோவோ, எச்.சி.எல். போன்ற கம்பெனிகள் சப்ளை செய்தன. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்கள், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் என்று கொடுத்துக்கொண்டே போய், கொரோனா காலத்தில் திட்டம் நிற்பதற்குள் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தார்கள். ஊரில் யாரும் அதை 'விலையில்லா மடிக்கணினி' என்று அரசாணைத் தமிழில் சொல்லவில்லை. அது 'அம்மா லேப்டாப்'.

அந்த அம்மா லேப்டாப்பில் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒருவர் முதல்வர்: மூடியில் படம், திறந்தால் திரையிலும் படம். இரண்டாவது மைக்ரோசாஃப்ட். மூன்றாவது ஆள் 'பாஸ்'. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட, டெபியன் வழிவந்த லினக்ஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் அந்த வீட்டில் அவருக்குத்தான் மரியாதை கம்மி.

முதல் ஆளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பிள்ளைகள் லேப்டாப்பை வாங்கியதும் செய்யப் பார்த்த முதல் காரியம், திரையில் இருக்கிற படத்தை எடுத்துவிட்டு அஜித்தையோ விஜய்யையோ வைப்பது. அரசியல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. பதினேழு வயசு, அவ்வளவுதான். ஆனால் முடியவில்லை. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்தால் வழக்கமாக வரும் 'பெர்சனலைஸ்' என்ற வரியே இல்லை. "கவர்மெண்ட்டே பூட்டு போட்டு வச்சிருக்கு மாமா" என்று அக்கா பையன் போனில் சொன்னான். ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அதைப் பூட்டியது அரசாங்கம் கிடையாது என்பதுதான் சுவாரஸ்யம். நான் பார்த்த முதல் தவணை மெஷின்களில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விலை குறைந்த கம்ப்யூட்டர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்த பதிப்பு. அதில் வால்பேப்பரை மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டால் எடுத்துக்கொள்ளாது. உலகத்தில் எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் அதே கதைதான். நம்ம ஊரில் அந்த மாற்ற முடியாத இடத்தில் கட்சித் தலைவர் படம் வந்து உட்கார்ந்ததால், பழி முழுக்க ஒரு பக்கமாகப் போனது.

இந்த ஸ்டார்ட்டர் என்ற யோசனைக்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. ஏழை நாடுகளில் திருட்டு விண்டோஸ் பெருகுகிறது, லினக்ஸும் உள்ளே நுழைகிறது என்று பார்த்த மைக்ரோசாஃப்ட், 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று ஒன்றை முதலில் தென்கிழக்கு ஆசியாவில் விட்டது. 2005-இல் இந்தியில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்தான் திறக்கலாம்! நாலாவதைத் திறந்தால் ஒன்றை மூடச் சொல்லும். செயற்கையாக வைத்த தடை அது, தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. விண்டோஸ் 7-இல் அந்த மூன்று கணக்கைக் கைவிட்டாலும், 'உனக்கு இவ்வளவு போதும்' என்ற எண்ணம் வால்பேப்பர் தடையாக மிச்சம் இருந்தது. ஒரு புரோகிராமர் உட்கார்ந்து நேரம் செலவழித்து, இருக்கிற வசதியை எடுக்கக் கோடு எழுதியிருக்கிறார். சம்பளத்துக்காக நானும் சில இடங்களில் அப்படி எழுதியவன்தான் என்பதால் அவரைத் திட்ட மனசு வரவில்லை.

வட இந்தியாவில் இதே நாடகம் இன்னும் சத்தமாக நடந்தது. 2013 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தில் அகிலேஷ் யாதவ் அரசு எச்.பி. லேப்டாப்களைக் கொடுக்கத் தொடங்கியது, மொத்தம் 15 லட்சம். திரையில் அப்பாவும் மகனும், முலாயமும் அகிலேஷும். அந்தப் படத்தை மாற்றப் போனால் மெஷினே படுத்துவிடுகிறது என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறப்போகிற வயசுப் பிள்ளையின் கண்ணில் தினமும் படுகிற இடம் அது. அரசியல்வாதிக்கு அதன் மதிப்பு புரிந்தது.

அரசியல்வாதிக்கு முன்னாடியே கம்பெனிகளுக்கு அது புரிந்துவிட்டது. இங்கே கொஞ்சம் பின்னால் போகணும்.

கம்ப்யூட்டரோடு விண்டோஸ் தானாகவே ஒட்டிக்கொண்டு வருவது இயற்கை விதி மாதிரி நமக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1980-களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட், கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களிடம் 'புரொசசருக்கு இவ்வளவு' என்ற கணக்கில் லைசன்ஸ் போட ஆரம்பித்தது. அதாவது கம்பெனி ஆயிரம் மெஷின் விற்றால், அதில் நூறில் டாஸ் இல்லாவிட்டாலும் ஆயிரத்துக்கும் பணம் கட்டணும். அப்புறம் எவன் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தருவான்? 1994-இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, அந்த முறையை விடுவதாக ஒப்பந்தம் எழுதி வாங்கியது. ஆனால் அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது.

அடுத்த சண்டை டெஸ்க்டாப்பில் எந்த ஐகான் இருக்க வேண்டும் என்பதில். 1996-இல் காம்பேக் கம்பெனி, தன் மெஷின்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை முன்னால் வைத்தது. விண்டோஸ் லைசன்ஸையே ரத்து செய்துவிடுவோம் என்று மைக்ரோசாஃப்ட் நோட்டீஸ் அனுப்பியது. காம்பேக் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய பி.சி. கம்பெனிகளில் ஒன்று. அதுவே பேசாமல் ஐகானைத் திரும்ப வைத்துவிட்டது. 1998-இல் அமெரிக்க அரசு போட்ட வழக்கில் இதெல்லாம் வெளியே வந்தது. 2000-இல் மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நீதிபதி ஜாக்சன் உத்தரவிட்டார். 2001-இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, கடைசியில் சமரசம் ஆனது. சமரசத்தின் முக்கியமான அம்சம்: டெஸ்க்டாப்பில் எந்த மென்பொருளை வைப்பது என்பதில் தயாரிப்பாளருக்கு இனி சுதந்திரம் உண்டு.

என்னைப் பொறுத்தவரை கூடவந்த சரக்கின் பொற்காலம் இங்கேதான் தொடங்குகிறது. சுதந்திரம் கிடைத்தது கம்பெனிக்குத்தான், வாங்குகிறவருக்கு ஒன்றும் வரவில்லை. பி.சி. வியாபாரத்தில் லாபம் சுருங்கிக்கொண்டே வந்த நேரம். ஒரு ஆண்டிவைரஸ் கம்பெனி, ஒரு இன்டர்நெட் சர்வீஸ், ஒரு தேடல் டூல்பார் என்று டெஸ்க்டாப்பைத் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள். 2007-இல் டெல் கம்பெனி மக்களிடம் யோசனை கேட்டு ஐடியாஸ்டார்ம் என்று ஒரு தளம் திறந்தது. லினக்ஸ் போட்டுக் கொடு, வேண்டாத மென்பொருளைப் போடாதே என்ற இரண்டும் மேலே வந்து நின்றன. 2008-இல் சோனி இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த வேண்டாத சரக்கும் இல்லாத சுத்தமான லேப்டாப் வேணுமா, சுமார் 50 டாலர் கூடக் கொடு என்றது! வீட்டை வாடகைக்கு விட்டவன், ஒட்டடை அடிக்கத் தனிக் காசு கேட்ட கதை. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த 50 டாலர் உண்மையைச் சொல்லிவிட்டது: நம் டெஸ்க்டாப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நமக்குத் தெரியாமல் யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பாஸுக்கு வருவோம். மூன்று பேரில் வாடகை கொடுக்காமலும் ஓட்டுக் கேட்காமலும் இருந்த ஆள் அவர்தான். அவருக்குத்தான் முதலில் வெளியேற்ற நோட்டீஸ்.

தமிழ்நாட்டு அரசுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. நாடு முழுக்கக் கவனித்த முயற்சி அது. அவர் பதவி மாறியதும் வேகம் குறைந்தது. 2011-இல் லேப்டாப் டெண்டர் வந்தபோது, விண்டோஸா லினக்ஸா என்ற சண்டை மறுபடி வந்தது. வரிப்பணத்தில் ஒரு தனியார் கம்பெனிக்கு லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை உருவாக்கித் தருவதா என்று கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் கேட்டன. இரண்டும் இருக்கட்டும் என்று இரட்டை பூட் வைத்தார்கள். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல்: விண்டோஸா, பாஸா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு பாஸோடு இருந்த உறவு, அந்தப் பட்டியலில் அம்புக்குறியை நகர்த்தித் தாண்டிப் போவது மட்டும்தான்.

ஆனால் அந்த வருஷம் பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவன் கையில் இருந்த பாடப்புத்தகத்தைப் பாருங்க. முதல் தொகுதியில் மைக்ரோசாஃப்ட் வேர்டு கிடையாது, எக்செல் கிடையாது. ஸ்டார் ஆஃபீஸ் ரைட்டர், ஸ்டார் ஆஃபீஸ் கால்க். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் சரக்கு அது. 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது, 2011-இல் அந்தப் பொருளையே நிறுத்திவிட்டது. காக்களூரில் லேப்டாப் கொடுத்த வருஷமும் அதே வருஷம்தான். ஸ்டார் ஆஃபீஸின் மூலநிரலிலிருந்து பிறந்ததுதான் ஓபன் ஆஃபீஸ், அதிலிருந்து கிளைத்தது லிப்ரே ஆஃபீஸ். பாஸ் லினக்ஸில் இருந்தது அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மெனுவும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, பாடப்புத்தகத்தில் இருக்கிற படத்தைப் போலவே திரையில் வரும் ஒரே இடம் பாஸ். தமிழில் தட்டச்சு செய்யவும் அதில் வழி இருந்தது. இதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்? எங்க சொந்தத்தில் லேப்டாப் வாங்கின ஆறேழு பேரிடம் விசாரித்தேன். ஒருத்தருக்கும் தெரியாது. "அது கவர்மெண்ட் சாஃப்ட்வேர், ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு சொன்னாங்க" என்பதே பதில்.

சொன்னது யார்? எல்லோரும்தான். சீனியர், கடைக்காரர், ஆசிரியர். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தெரியாததை எடுத்துவிடு என்பதுதான் நமக்குத் தெரிந்த பராமரிப்பு.

2013 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே அவன் ஃபிரண்டு ஒருத்தன், அவன் கையிலும் ஒன்று. இரண்டிலும் ஒரே வியாதி. கறுப்புத் திரை, அதில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கிற கோடு. என்னடா பண்ணீங்க என்றால், "ஒண்ணுமே பண்ணல மாமா, பாஸைத்தான் அழிச்சோம்" என்றான். படம் வைக்க இடம் பத்தவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் செய்திருக்கிறார்கள்.

இதில் நடப்பது என்னவென்றால், விண்டோஸா பாஸா என்று கேட்கிற அந்தப் பட்டியலைக் காட்டும் புரோகிராமின் பெயர் கிரப். அதன் தலை ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்திலும், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளும் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தால் உடம்பு போய்விடும், தலை மட்டும் விழித்துக்கொண்டு உடம்பைத் தேடும். கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸ் ஒரு கீறலும் இல்லாமல் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் போக வழி இருக்காது. ரிப்பேர் டிஸ்க் ஒன்றும் இரண்டு வரிக் கட்டளையும் போதும், பத்து நிமிஷ வேலை. எங்க வீட்டுத் திண்ணையில், பக்கத்தில் வெங்காயப் பட்டறைக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, இரண்டையும் சரி செய்தேன்.

எல்லோருக்கும் பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா இருக்க மாட்டார் இல்லையா. மற்றவர்கள் டவுனில் சர்வீஸ் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்கும் கிரப் தெரியாது, தெரிந்தாலும் பத்து நிமிஷ வேலைக்கு முந்நூறு ரூபாய் வாங்க முடியாது. ஆகவே மொத்தமாக ஃபார்மட். ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் விண்டோஸ் 7 அல்டிமேட். லைசன்ஸ்? ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டினால் 'ஒரிஜினல்' என்று காட்டும். பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம்: வால்பேப்பர் மாறும், கண்ணாடி மாதிரி விளிம்பு, டிஸ்க்கில் இடம் அதிகம். முதல்வர் படம் போச்சு, பாஸ் போச்சு, மைக்ரோசாஃப்டின் ஸ்டார்ட்டரும் போச்சு. மூன்று பேரையும் காலி செய்தாகிவிட்டது.

வீடு காலியானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆக்டிவேட்டரை ஓட்டணும் என்றால் முதலில் ஆண்டிவைரஸை நிறுத்தணும். திருட்டு என்று கண்டுபிடிக்காமல் இருக்க அப்டேட்டையும் நிறுத்தணும். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு புரோகிராமுக்கு முழு அதிகாரம் கொடுத்து உள்ளே விடணும். காசு கொடுத்து வாங்கியிருந்த உரிமத்தை அழித்துவிட்டு, இன்னும் காசு கொடுத்து திருட்டு உரிமம் போட்டுக்கொண்டோம். 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. பாதிக்கப்பட்ட மெஷின்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான தடுப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த மெஷினுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

கண்ணுக்குத் தெரிந்த படத்தைப் பற்றி ஊரே பேசியது. நிஜமாகவே ஆபத்தான கூடவந்த சரக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு 2015-இல் ஒரு பாடம் கிடைத்தது. 2014 செப்டம்பரிலிருந்து லெனோவோ விற்ற சில நுகர்வோர் லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. நீங்கள் ஒரு பொருளைப் பார்த்தால் அதே மாதிரிப் பொருளின் விளம்பரத்தைக் காட்டும். வங்கித் தளம் போன்ற பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க, அது தனக்கென்று ஒரு முதன்மைச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் பதித்துவிட்டது. வி.ஏ.ஓ. ஆபீஸ் முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த முத்திரை விழுந்த காகிதத்தை உங்கள் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் நம்பும். கொடுமை என்னவென்றால் எல்லா லேப்டாப்பிலும் ஒரே முத்திரை, அதைச் செய்யும் அச்சும் கூடவே உள்ளே இருந்தது. ராபர்ட் கிரகாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதன் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அந்த மென்பொருளைச் செய்த துணைக் கம்பெனியின் பெயர்தான் கடவுச்சொல்! அதற்குப் பிறகு பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் வங்கித் தளமாக நடிக்கலாம். லெனோவோ நீக்கும் கருவி வெளியிட்டது, 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் ஆனது.

அதே 2015 ஆகஸ்டில் இன்னொன்று. சில லெனோவோ மாடல்களில், ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்துப் புது விண்டோஸ் போட்டாலும் கம்பெனியின் மென்பொருள் தானாகத் திரும்பி வந்தது. பேய்க்கதை மாதிரி இருக்கா? மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பிலிருந்து ஒரு புரோகிராமை விண்டோஸ் எடுத்து ஓட்டுவதற்கு, மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 8-இலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறது. திருட்டுப் போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்காக வைத்த வாசல் அது. 'ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடும்' என்ற நம்ம சர்வீஸ் கடை வேதாந்தம் அன்றோடு முடிந்தது.

பாஸ் ஏன் தோற்றது என்பதற்குப் பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் போதும். கேரளாவில் ஐடி@ஸ்கூல் என்ற திட்டம், 2000-களின் நடுவிலிருந்து பள்ளிகளை முழுக்க லினக்ஸுக்குக் கொண்டுபோனது. அவர்கள் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதே மென்பொருளில் எழுதினார்கள், பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். தேர்வில் வருகிறது என்றால் எந்தப் பிள்ளை அழிப்பான்? 2019-இல் அவர்களுடைய புதிய பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. நம்மிடம் புத்தகம் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம், பள்ளி லேபில் இருந்த மெஷின் இன்னொரு பக்கம். 2018-19-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் உபுண்டுவும் ஓபன் ஆஃபீஸும் சேர்ந்தன என்பது நல்ல விஷயம். அந்தப் பாடம் வந்து ஓரிரு வருஷத்தில் லேப்டாப் கொடுப்பது நின்றுபோனது என்பது நம்ம ராசி.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் ஆட்சி மாறியபோது முன்னாள் முதல்வர்கள் படம் போட்ட சுமார் 65 லட்சம் பள்ளிப் பைகள் இருப்பில் இருந்தன. படத்தை மாற்ற 13 கோடி ஆகும், அப்படியே கொடுங்கள் என்று முதல்வர் ஸ்டாலின் சொன்னதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். பையில் இருக்கும் படம் பையைத் தூக்குவதைத் தடுக்காது. அந்த அளவில் வால்பேப்பரும் அப்படித்தான். அரசாங்கம் உள்ளே வைக்கும் எல்லாமே அவ்வளவு சாதுவாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். 2025 நவம்பர் கடைசியில், சஞ்சார் சாத்தி செயலியைப் புது போன்கள் எல்லாவற்றிலும் நீக்க முடியாதபடி போட்டே விற்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும், டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. வால்பேப்பர் எதையும் திருப்பி அனுப்பாது. செயலி அனுப்பும்.

2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2,000 கோடி ஒதுக்கினார்கள். இந்த முறையும் விண்டோஸோடு பாஸ் உண்டு. எங்க ஊர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். பெட்டியைப் பிரித்த அன்றே சர்வீஸ் கடைக்குப் போகாதீங்க. ட்ரையல் ஆண்டிவைரஸ் இருந்தால் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்க, எடுத்ததும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். ஆன் செய்தவுடன் தானாகத் திறக்கும் புரோகிராம்களை 'ஸ்டார்ட்டப்' பட்டியலில் நிறுத்துங்க. என்னதான் ஆனாலும் விண்டோஸை மறுபடி போடணும் என்ற நிலை வந்தால், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிப் போடுங்க. விண்டோஸ் 8 காலத்திலிருந்து லைசன்ஸ் எண் மதர்போர்டு சிப்பிலேயே இருக்கிறது, அதே பதிப்பைப் போட்டால் அதுவே படித்துக்கொள்ளும். லெனோவோ கதையில் சொன்ன அதே சிப்தான், இங்கே நமக்கு உதவுகிறது. ஆக்டிவேட்டருக்கு வேலையே இல்லை.

பாஸை அழிக்கத்தான் போறீங்க என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் திறந்து பாருங்க. பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகம் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், ஓபன் ஆஃபீஸ் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. அப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால், முதலில் விண்டோஸ் ரிப்பேர் பென்டிரைவைத் தயார் செய்து வைத்துவிட்டு அழியுங்க. கிரப் ரெஸ்க்யூ என்று வந்தால் எனக்கு எழுதுங்க, அந்த இரண்டு வரியைச் சொல்கிறேன்.